தட்டின் கிழக்குப் பக்கம்

கவாரிப்
12 பிப்ரவரி 2008

அன்புத் தம்பி பென்னோ,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். காய்ச்சல் பருவத்தில் அதற்கு மேல் என்ன நலம் சொல்வது? நீ, ஃபிலோ, பிள்ளைகள் எப்படி இருக்கிறீர்கள்? மடாங் நகரத்தில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் போட உனக்குக் கை வலிக்கிறதா?

உங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் போன வாரம் என் சுகாதார நிலையத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனார்கள். லுட்மிலா என்ற அந்தப் பெண் மலைப்பக்கத்துக்காரி. மீன் தலையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், ஆனால் வேலையில் கெட்டிக்காரி. காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு விரலில் ஒரே குத்துதான். ஒரு சொட்டு என்னுடைய பிளாஸ்டிக் அட்டைக்கு, ஒரு சொட்டு அவளுடைய கண்ணாடித் தகட்டுக்கு, ஒன்று வெளிநாட்டுச் சோதனைக்கு அனுப்பும் வடிதாளுக்கு. அட்டையில் இரண்டு கோடு வந்தால் மலேரியா, ஒரு கோடு என்றால் இல்லை. அட்டை உண்மை பேசுகிறதா என்று தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கப்போவது நீதான் என்று லுட்மிலா சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"பிளாஸ்டிக்குக்கு யாரு டாக்டர் படிப்பு குடுத்தா?" என்று ஒருத்தர் கேட்டார். "எங்க தம்பிதான் பரீட்சை வைக்கிறான். தோத்தா கடல்ல போட்டுருவோம்" என்றேன்.

என் புகுந்த வீட்டு ஆண்கள் எட்டுப் பேரும் கோயிலுக்குக் கிளம்பியதுபோல் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களையும் முறைப்படி பார்த்து அனுப்பினேன். வீட்டுப் பெரியவருக்கு, அதாவது என் மாமனாருக்கு, உடம்பு கொதித்தது. அட்டையில் ஒரே கோடு. முன்பெல்லாம் காய்ச்சல் என்றாலே மாத்திரை கொடுத்துவிடுவேன். இப்போது இரண்டு கோடு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். கொடுக்கவில்லை. அவர் முணுமுணுத்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

புகை போட்ட மீன் அனுப்பியிருக்கிறேன். படகுக்காரர் பாதியைத் தின்றிருந்தால் எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா
ஒட்டிலியா


மடாங்
9 மார்ச் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

மீன் முழுசாக வந்தது, படகுக்காரரை விட்டுவிடு. நாங்கள் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானை வாளி தூக்க வை. சும்மா பாக்கு மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்தானே.

உன் ஊர்த் தகடுகள் வந்துவிட்டன. லுட்மிலா பரப்பிய ரத்தம் நன்றாக இருக்கிறது, தடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. அவற்றில் யார் ரத்தம் எது என்று எனக்குத் தெரியாது. வெறும் எண்தான் வரும். அட்டையில் என்ன வந்தது என்பதையும் எங்களிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் அதையே தேடும் என்று எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் வெலினா அதில் மிகவும் கண்டிப்பு. ஆகையால் உன் மாமனாருடைய ரத்தத்தைப் பார்த்தபோது நான் எழுந்து நின்று மரியாதை செய்யவில்லை என்று வருத்தப்படாதே.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பெயர் உன் கடிதம் ஒன்றில்கூட வந்ததில்லை. எனக்கே மறந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நம் அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது எந்த வயதில்? பிள்ளைகள் கேட்டார்கள், எனக்குச் சரியாக நினைவில்லை.

பெரியவருக்கு உடம்பு இப்போது தேவலையா?

அன்புடன்
பென்னோ


கவாரிப்
2 ஏப்ரல் 2008

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். முதுகு அப்படியே இருக்கிறது, உன் அத்தானும் அப்படியே இருக்கிறார்.

பெரியவருக்குக் காய்ச்சல் மறுபடியும் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியதில் தரைப் பலகையே அதிர்ந்தது. அவரே விரலைக் குத்தி ரத்தம் கொடுத்தனுப்பினார், மறுபடி அட்டை வைத்தேன். இந்தத் தடவை இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன. மாத்திரையை உன் அத்தான் அலோயிஸ் கையில் கொடுத்தனுப்பினேன். மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்து சேகோக் களி கேட்டுவிட்டார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கு இல்லன்னுச்சு, இன்னிக்கு ஆமாங்குது. இது எங்க கவுன்சிலர் மாதிரில்ல பேசுது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது அட்டையில் ஒரு கோடு வந்தால் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாத்திரை கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அன்றைக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அவருக்கு இந்தப் பாடு இல்லையே என்று தோன்றுகிறது.

அப்பாவுக்கு நாற்பது தாண்டியதும் ஆரம்பித்தது. முதலில் ஒரு கண்ணில் புகை மூட்டம்போல் இருக்கிறது என்றார். வலையில் ஓட்டையைக் கையால் தடவித் தேடுவாரே, ஞாபகமில்லையா? அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

பிள்ளைகள் எதற்காக அதைக் கேட்டார்கள்? உன் பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்ததே இல்லையே.

எல்லோருக்கும் என் அன்பு.

ஒட்டிலியா


மடாங்
6 மே 2008

அன்பு அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பெரியவர் எழுந்தது நிம்மதி.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அட்டைகளின் முடிவையும் தகடுகளின் முடிவையும் டாக்டர் வெலினா சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். மற்ற ஊர்களில் எல்லாம் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கவாரிப்பில் மட்டும் சில ஒத்துப்போகவில்லை. அட்டை இல்லை என்கிற இடத்தில் தகட்டில் நிறையக் கிருமி இருக்கிறது, அட்டை ஆமாம் என்கிற இடத்தில் தகடு சுத்தமாக இருக்கிறது.

உன் மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அட்டையைப் பதினைந்து நிமிடத்தில் படித்தாயா, விட்டுவிட்டு அப்புறம் வந்து பார்த்தாயா? தாமதமானால் இல்லாத கோடு தெரியும். பெட்டியை வெயிலில் வைத்தாயா? அட்டைக்கு ஊற்றும் திரவம் தீர்ந்துபோய்த் தண்ணீர் ஏதும் ஊற்றினாயா?

பதில் போடு.

பென்னோ


கவாரிப்
21 மே 2008

பென்னோவுக்கு,

நான் நன்றாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

தண்ணீர் ஊற்றினாயா என்று என்னைக் கேட்கிறாய். நம் அம்மா கடலுக்குப் போன நாட்களில் உனக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவளை. அட்டைக்கு அந்தப் பாட்டிலில் இருந்த திரவம்தான். பெட்டி மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் இருக்கிறது, நான் இருக்கும் இடத்தைவிடக் குளிர்ச்சியான இடத்தில். நேரத்துக்கு அலோயிஸின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து அவர் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போகிறார். அதற்கு முன்பும் அப்படித்தான், இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

போன வாரம் லுட்மிலா வேறு ஊருக்குப் போகிற வழியில் இறங்கினாள். தேநீர் கொடுத்து மெதுவாக வாயைக் கிளறினேன். முதலில் தேநீரைக் குடித்து முடித்தாள். அப்புறம், "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க தம்பி இப்பல்லாம் இடது கண்ண மூடிக்கிட்டுத்தான் தகடு பாக்குறாரு. கேட்டா, பழக்கம்னு சொல்றாரு" என்றாள்.

அவள் சொன்னாள் என்று எழுதிவிட்டேன், பாவம். அவளை ஒன்றும் சொல்லாதே.

பிள்ளைகள் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். அதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாதவள் என்று என்னை நினைத்தாயா? என்ன இருந்தாலும் என்னிடம் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது, கோபத்தைவிட அதிகமாக.

உன் அக்கா


மடாங்
15 ஜூன் 2008

அன்பு அக்காவுக்கு,

பிள்ளைகளுக்குச் சளி, மற்றபடி வீட்டில் குறையில்லை. உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜனவரியிலிருந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது இடது பக்கம் மூட்டமாக இருக்கிறது. ரொம்ப இல்லை, ஒரு மெல்லிய திரை. வலது கண்ணால் பார்த்துச் சமாளித்தேன். அப்பாவுக்கும் ஒரு கண்ணில்தான் தொடங்கியது என்று நீ எழுதிய அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஃபிலோவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒத்துப்போகாத தகடுகள் எல்லாம் இருபத்துமூன்றாம் எண்ணிலிருந்து முப்பதாம் எண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றை நான் ஒரே அமர்வில் படித்தேன். டாக்டர் வெலினா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலை உயர்த்தவில்லை. "பென்னோ, அட்டை கெட்டுப்போயிருந்தா ஊர் முழுக்கத் தப்பா வந்திருக்கும். வரிசையா சிலது மட்டும் தப்பா வந்திருக்குன்னா, அன்னிக்குப் படிச்ச கண்ணு களைச்சிருக்குன்னுதான் அர்த்தம். கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை.

வடிதாள் ரத்தம் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது. அந்த முடிவு வர வருடக் கடைசியாகும். அதுவரை நான் தகடு படிக்கக்கூடாது. கிடங்கில் கையுறைப் பெட்டி அடுக்குகிறேன். என் மைக்ராஸ்கோப்பின் மேல் உறை போட்டு மூடியிருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் கிடங்குக்குப் போகவேண்டும். முடிவு எனக்கு எதிராக வந்தால் அந்த நாற்காலி போகும், அதோடு இந்த வீடும் போகும். எனக்கு வேறு வேலை தெரியாது, அக்கா. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் எண்ணின் ரத்தத்தை நான் மறக்கவில்லை. அவ்வளவு கிருமி. வலது கண்ணால் பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். அட்டையில் அவருக்கு ஒரே கோடுதான் வந்ததாம். இல்லாததைப் பார்க்கிற அளவுக்கா என் கண் போய்விட்டது?

யாரிடமும் சொல்லாதே.

பென்னோ


கவாரிப்
1 ஜூலை 2008

என் தம்பி பென்னோவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் உட்கார். உன் கண் பிழை செய்யவில்லை.

அன்றைக்கு இருபத்திரண்டாம் எண் படகுக்காரரின் மனைவி. முப்பத்தொன்று பள்ளிக்கூட வாத்தியார். நடுவில் உள்ள எட்டும் என் புகுந்த வீட்டு ஆண்கள். மாமனார், அவருடைய தம்பிமார், அலோயிஸின் அண்ணன்மார்.

அவர்கள் பெயரை நான் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். விரலையும் பிடிக்கமாட்டேன். பிடித்தால் அவர்கள் மானம் போகும், அப்புறம் நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவது? அதனால் அவர்களை மட்டும் லுட்மிலா மாமரத்தடியில் வைத்துக் குத்தினாள். தகடும் தாளும் அங்கேயே எடுத்து எண் போட்டுவிட்டாள். அட்டைக்கான ரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாயில் எடுத்து அவரவர் கையில் கொடுத்தாள். அவர்கள் அதை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார்கள். அலோயிஸ் அந்தத் தட்டைத் தூக்கிவந்து என் ஜன்னல் கட்டையில் வைத்தார். மூத்தவருடையதுதான் முதலில் இருக்கும் என்று நினைத்து நான் ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் விட்டு, இருபத்துமூன்று முதல் எண் போட்டேன். இது யாருடையது என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்டால் பெயர் அல்லவா பதிலாக வரும்.

இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று திட்டுவாய். காலையில் முகம் கழுவினேன் என்று யாராவது கடிதத்தில் எழுதுவார்களா? எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. லுட்மிலாவும் இந்த ஊர் மரியாதை என்று விட்டிருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றே அலோயிஸை உட்காரவைத்துக் கேட்டேன்.

"தட்ட எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?"

"கையாலதான்."

"எந்தப் பக்கம் முன்னாடி இருந்துச்சு?"

"தட்டு வட்டம்டி. அதுக்கு ஏது முன்னாடி?"

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் கனைத்தார். நாங்கள் நேரே பேசிக்கொள்வதில்லை. அலோயிஸ் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்லுவார், இரண்டு பக்கமும் எல்லாம் காதில் விழுந்தபடிதான் இருக்கும்.

"என்ன சமாச்சாரம்னு கேளு" என்றார் அவர்.

"பென்னோவுக்கு வேலை போகப்போகுதுன்னு சொல்லுங்க. நம்ம வீட்டு ரத்தம் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. யார் எதுன்னு டாக்டரம்மாவுக்கு எழுதணும், நான் அந்தப் பேரையெல்லாம் எழுத முடியாதுன்னு சொல்லுங்க." சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அலோயிஸுக்குச் சொல்ல வேண்டிய வேலையே வைக்கவில்லை.

பாக்கு உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவ எழுத வேணாம். என் பேர நான் சொல்லலாம்ல? படகு எப்ப?" என்றார்.

இந்தக் கடிதம் வரும் படகிலேயே அவரும் வருகிறார். கடலில் குமட்டும், வந்ததும் இளநீர் கொடு. உறைக்கிற எதையும் போடாதே. கண்ணை டாக்டரம்மாவிடம் காட்டு, மறைக்காதே. ஃபிலோவிடமும் சொல்.

உன் அக்கா
ஒட்டிலியா


மடாங்
9 ஜூலை 2008

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இதை நான் மனசாரச் சொல்லிப் பல மாதமாகிறது. இளநீர் இரண்டு குடித்தார், கருவாட்டில் மிளகாய் கேட்டு வாங்கித் தின்றார். உன் பேச்சு எடுபடவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மறுநாள் காலை அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அதே வெள்ளைச் சட்டை. டாக்டர் வெலினா எழுந்து வந்து, "ஐயா பேரு?" என்று கேட்டார். இவர் அறையின் நடுவில் போய் நின்றுகொண்டார். "யாலெக் குபாய்" என்றார். எழுதிக்கொள்வதற்குள் இன்னொரு தடவை சொன்னார். அக்கா, கிடங்கில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தம். "எங்க வீட்டுல இந்தப் பேர வாய்விட்டுச் சொல்ல ஆளு கம்மி. அதான்" என்றார்.

அத்தான் மறந்த தட்டை அவர் மறக்கவில்லை. "எங்கள்ல மூத்தவன் எப்பவும் சூரியன் கெளம்புற பக்கம். உக்காந்தாலும் அப்படித்தான், செத்துப் படுத்தாலும் அப்படித்தான். மூத்தவன்னு என்னைத்தான் அந்தப் பொண்ணு முதல்ல குத்துச்சு. என் குழாய கெழக்கு ஓரமா வச்சேன். மத்தவனுங்க வயசுப்படி எனக்கு அடுத்தடுத்து மேக்கால வச்சானுங்க. என் மவன் தட்டத் தூக்கிட்டு அவ ஜன்னலுக்குப் போனான். ஜன்னலு மரத்துக்கு மேக்க இருக்கு. அப்ப அவ கைக்கு எது முதல்ல கிட்டும்?"

டாக்டர் ஒரு தட்டும் எட்டுத் தீக்குச்சியும் கொண்டுவரச் சொன்னார். இவர் குச்சிகளை வைத்தார், நான் தட்டைத் தூக்கிப்போய் மேற்கில் நின்ற லுட்மிலாவிடம் நீட்டினேன். அவள் கைக்கு முதலில் வந்தது அவர் கடைசியாக வைத்த குச்சி. நீ இருபத்துமூன்று என்று எண் போட்டது எட்டுப் பேரில் இளையவரின் ரத்தத்துக்கு. பெரியவரின் ரத்தம் முப்பதாம் அட்டைக்குப் போயிருக்கிறது.

டாக்டர் உன் அட்டைகளின் முடிவைக் கீழிருந்து மேலாகத் திருப்பி எழுதினார். என் தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எட்டும் எட்டோடு பொருந்தின. அட்டையும் சரி, தகடும் சரி, நீயும் சரி, நானும் சரி. தட்டு மட்டும்தான் திரும்பியிருந்தது.

டாக்டர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சிருங்க பென்னோ. ஆனா கண்ணப் பத்தி நீங்க எங்கிட்டப் பொய் சொன்னீங்க, அது இன்னும் பாக்கி இருக்கு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூட்டத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் பெரியவர், "என் ரத்தத்த நான் பாக்கணும். அவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். இருபத்துமூன்றாம் தகட்டை எடுத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன். பார்வையைச் சரிசெய்து அவரைக் குனியச் சொன்னேன்.

நெடுநேரம் பார்த்தார். "இந்தப் புள்ளிப் புள்ளியா இருக்கிறதா என்னைய அந்த ஆட்டு ஆட்டுச்சு?" என்றார். அப்புறம் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "ஆமா, இடது பக்கம் ஏன் இப்படிப் புகையடிச்சுக் கெடக்கு? உள்ள யாராச்சும் அடுப்பு மூட்டுறாங்களா?"

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"புகைங்கிறேன். வலது பக்கம் நல்லாத் தெரியுது, இடது பக்கம் மூட்டமா இருக்கு. என் கண்ணு ரெண்டும் நல்ல கண்ணு, குத்தம் உங்க மிசினுலதான்."

டாக்டர் அவரை நகர்த்திவிட்டுப் பார்த்தார். இடது கண்குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே லென்சில் பூஞ்சை, சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் இங்கே எந்த லென்சிலும் பிடிப்பதுதான். மற்றவர்களுடைய மைக்ராஸ்கோப்பில் நானே எத்தனை தடவை துடைத்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதில் மட்டும் இடது குழாயையும் வலது குழாயையும் மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை. மாற்றிப் போட்ட பிறகும் மூட்டம் இடது பக்கமே நின்றால், அது என் கண்தான் என்று உறுதியாகிவிடுமே. அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.

கிடங்குக்குப் போய்க் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், அக்கா. பெரியவர் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். பாக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணையும் காட்டிவிட்டேன். வயசுக்கு ஏற்ற கண், வேறொன்றுமில்லை என்றார்கள். ஃபிலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டத்துக்காகத் திட்டவில்லை, மறைத்ததற்காக இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். நாளை முதல் நாற்காலி மறுபடி எனக்கு.

டாக்டர் இனிமேல் எல்லா ஊரிலும் முறையை மாற்றப்போகிறார். காய்ச்சல்காரர் தன் பெயரைத் தானே சொல்லித் தன் குழாயைத் தன் கையால் அட்டைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். உன் புகுந்த வீட்டாருக்குக் குத்துவதற்கு அத்தானைப் பழக்கப்போகிறார்களாம். அவருக்கு ரத்தம் கண்டால் மயக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

சனிக்கிழமைப் படகில் யாலெக் குபாய் வீட்டுக்கு வருகிறார். அவர் பெயரை எழுதவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

என்றும் உன் தம்பி
பென்னோ


கவாரிப்
30 ஜூலை 2008

என் செல்லத் தம்பிக்கு,

முதுகுவலி போன இடம் தெரியவில்லை. உன் கடிதம் படித்த பிறகுதான் போனது என்று சொன்னால் அலோயிஸ் நம்பமாட்டேன் என்கிறார். உன் கண்ணுக்கு மாலையில் தினமும் ஓய்வு கொடு. ஃபிலோ திட்டுவதை நிறுத்தியிருக்க மாட்டாள். நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

கடைசி மச்சினரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். இருபத்துமூன்றாம் அட்டை அவருடையதென்றால், அன்றைக்கு அவருக்குக் கிருமியே இல்லை. சாதாரணச் சளிக்காய்ச்சல். முப்பதாம் அட்டையின் இரண்டு கோட்டை நம்பி, பெரியவருக்குப் போகவேண்டிய மாத்திரை அத்தனையையும் இவர் விழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "அப்பாவுக்காகத் தின்னேன்" என்று இப்போது பெருமை பேசுகிறார்.

பெரியவர் இறங்கியதும் நேரே சுகாதார நிலையத்துக்கு வெளியே வந்து நின்று, அங்கே காத்திருந்தவர்களிடம் சொன்னார்: "அந்த அட்ட பொய் சொல்லல. நான்தான் விசாரிக்காமப் பேசிட்டேன். ஒரு கோடு வந்தா எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க, அந்தப் பொண்ணப் போட்டுப் படுத்தாதீங்க." நான் உள்ளே மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கு மாத்திரை கொடுக்காமல் விட்டேனே என்று மனசில் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

உன் அத்தானுக்கு ஒரு தேங்காய் நாரில் ஊசி குத்தப் பழக்கினேன். நார் பிழைத்துக்கொண்டது, அவர்தான் வியர்த்து உட்கார்ந்துவிட்டார்.

உன் கடிதம் வந்த அன்று மாலை, வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அலோயிஸும் பிள்ளைகளும் இந்தப் பக்கம், பெரியவர் வழக்கம்போல் சுவருக்கு அந்தப் பக்கம். நன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா பெயர் கேட்கிற இடம் வந்தது. நீ எழுதி வைத்திருக்கிறாய், நான் எப்படிப் படிப்பேன்? நின்றுவிட்டேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இருமினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவரே தன் பெயரைச் சொன்னார், நிதானமாக, முழுசாக. நான் அடுத்த வரியைப் படித்தேன். கடைசியில் மறுபடி அந்தப் பெயர் வந்தது, மறுபடி இருமினேன், மறுபடி அவர் சொன்னார்.

முடிந்ததும், "இன்னொரு தடவ படிக்கச் சொல்லு" என்றார் அலோயிஸிடம். படித்தேன். இந்தத் தடவை நான் இருமுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

உன் அக்கா
ஒட்டிலியா